பழைய ஆக்டேவியா வி.ஆர்.எஸ். காருக்கு வேக்குவம் ஹோஸ் மாற்றித் தந்த மேட்டுப்பாளையம் பட்டறை

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையின் உள்தெரு ஒன்றில், பெயர்ப் பலகைகூட இல்லாமல் நடக்கும் ஒரு சிறிய பட்டறையில், என்னுடைய 2005-ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். காரின் வேக்குவம் ஹோஸ்களை, அதாவது என்ஜினைச் சுற்றி உறிஞ்சு விசையையும் காற்றழுத்தத்தையும் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய்களை, அண்மையில் மாற்றிக்கொண்டேன். உரிமையாளர் தம் பெயரையும் எண்ணையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இடத்தை மட்டும் சொல்கிறேன். தொழிற்பேட்டையில் பழைய ஐரோப்பியக் கார்கள் பார்ப்பவர் யார் என்று விசாரித்தால் வழி காட்டிவிடுவார்கள். கசிவு எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பானரை எடுப்பது, எந்த இடத்துக்கு எந்த ரப்பர் தாங்கும் என்று பிரித்துப் பார்த்துப் போடுவது ஆகிய இரண்டு பழக்கங்களுக்காக இந்தப் பட்டறையை நான் முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன்.

வி.ஆர்.எஸ். 2004-ஆம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்த கார். 1781 சி.சி. கொள்ளளவு, சிலிண்டருக்கு 5 வீதம் 20 வால்வு, கே.கே.கே. நிறுவனத்தின் டர்போ (வெளியேறும் புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), 150 குதிரைத்திறன். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இந்த 1.8 டர்போ என்ஜின் குடும்பம் ஆடி டி.டி., ஆடி ஏ4, பசாட் போன்ற கார்களிலும் இருந்தது என்பதால், அக்கால டர்போ பெட்ரோல் கார் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் பலருக்கும் நான் எழுதுவது பொருந்தும். இந்தக் கார்கள் எல்லாம் இருபது வயதை ஒட்டியவை. என்ஜின் உறுதியாகத்தான் இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் ரப்பர்தான் வயதாகிப்போகிறது.

சில மாதங்களாகவே கார் சரியில்லை. ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது ஆர்.பி.எம். முள் 700-க்கும் 1100-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு தாண்டி மூன்றாம் கியரில் மிதித்தால் 2000 ஆர்.பி.எம்.மில் வர வேண்டிய இழுப்பு வராது. வந்தாலும் பாதியில் தளர்ந்துவிடும். பெட்ரோல் செலவு கூடிவிட்டது. ஸ்கேனரில், கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள்படும் பி 0171 குறியீடு அழித்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தது. ஓரிடத்தில் ஆக்சிஜன் சென்சாரையும், உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரையும் மாற்றச் சொன்னார்கள். வேறோரிடத்தில் டர்போவே போய்விட்டது என்று சொல்லி, கேட்டவுடன் மயக்கம் வரும் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அந்த இரண்டு இடங்களிலும் ஒருவர்கூட ஒரு ஹோஸை விரலால் அழுத்திப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்னமும் ஆதங்கம் உண்டு.

டர்போ காரில் வேக்குவம் ஹோஸ் கெட்டால் அறிகுறிகள் ஏன் இப்படிக் குழப்புகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டர்போ இல்லாத பெட்ரோல் காரில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் பொதுவாக உறிஞ்சும் விசைதான் இருக்கும். டர்போ காரில் அப்படியில்லை. கார் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது மேனிஃபோல்டின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 0.65 பார் குறைவாக இருக்கிறது. மிதித்தவுடன் அதே மேனிஃபோல்டு, அதே ஹோஸ், வெளிக்காற்றைவிட அரை பாருக்கும் அதிகமான அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஹோஸில் ஒரு வெடிப்பு இருந்தால், நின்று ஓடும்போது அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்று ஏர் ஃப்ளோ சென்சாரைக் கடந்து வராததால் கணக்கில் சேர்வதில்லை. கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு உரிய பெட்ரோலை மட்டும் விடுகிறது. கலவையில் பெட்ரோல் குறைகிறது. மிதித்தவுடன் நிலைமை தலைகீழாகிறது. சென்சார் அளந்து கணக்கில் சேர்த்த காற்று அதே வெடிப்பின் வழியாக வெளியே போய்விடுகிறது, கணக்கின்படி விட்ட பெட்ரோல் மிஞ்சுகிறது, பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் அழுத்தம், குறைகிறது. ஒரே ஓட்டை, நிற்கும்போது ஒரு நோயாகவும் ஓடும்போது அதற்கு நேர்மாறான நோயாகவும் தெரிகிறது. இதை உணராதவர் சென்சார்களை ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுவது இயல்பே. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கான செலவு முழுவதும் வண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது.

இந்தப் பட்டறையில் நான் அறிகுறிகளைச் சொல்லி முடித்ததும், என்ன செலவாகும் என்று கேட்டேன். “சார், ரேட்டு அப்புறம் பேசிக்கலாம், முதல்ல எங்க லீக்காவுதுன்னு பாத்துடுவோம்” என்று சொல்லிவிட்டு, உரிமையாளர் புகைச் சோதனைக் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எண்ணெயைச் சூடாக்கி வெண்புகை உண்டாக்கி, மிகக் குறைந்த அழுத்தத்தில், அதாவது 0.1 பாருக்குள், காற்றுக் குழாய்க்குள் செலுத்தும் கருவி அது. சற்று நேரத்தில் இன்டேக் மேனிஃபோல்டின் அடியிலிருந்து மெல்லிய இழையாகப் புகை எழுந்தது. அங்கேதான் கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிப்பகுதிக் கூடு) வாயுவை வெளியேற்றும் குழாய்களும் ஒருவழி வால்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. மேலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. டார்ச் அடித்து எனக்குக் காட்டினார். முழங்கை வடிவ ரப்பர் ஒன்று, எண்ணெயில் ஊறி ஊறிப் பிசுபிசுவென்று மென்மையாகி, வளைவின் உட்புறத்தில் வாய் பிளந்திருந்தது.

அத்துடன் நிறுத்தாமல் அழுத்தச் சோதனையும் செய்தார். டர்போவுக்குக் காற்று போகும் வாயில் அடைப்பான் பொருத்தி, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரிலிருந்து காற்றை ஏற்றி, சோப்பு நீர் தெளித்துக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது இந்த முறை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: கிராங்க்கேஸுக்குப் போகும் கிளையை முதலில் அடைத்துவிட வேண்டும். அடைக்காமல் காற்றை ஏற்றினால் என்ஜினுக்குள் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் பெயரக்கூடும். அவர் கேட்காமலே அதை அடைத்துவிட்டுத்தான் தொடங்கினார். அந்த ஒரு செயலைப் பார்த்ததும் காரை நம்பிக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

குமிழ் வந்த இடங்களில் முக்கியமானது என் 75 எனப்படும் பூஸ்ட் கட்டுப்பாட்டு வால்வின் ஹோஸ். இந்த வால்வுக்கு மூன்று வாய்கள். டர்போவிலிருந்து வரும் அழுத்தத்தை ஒன்று வாங்குகிறது. ஒன்று அதை, டர்போவுக்கு வரும் புகையில் மிகுதியை வேறு வழியில் விடும் வேஸ்ட்கேட் கதவின் இயக்கிக்கு அனுப்புகிறது. மூன்றாவது, மிகுதியை டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்கே திருப்பிவிடுகிறது. வேஸ்ட்கேட்டுக்குப் போகும் ஹோஸ் கிழிந்தால் பூஸ்ட் குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. வேஸ்ட்கேட்டைத் திறக்க வேண்டிய அழுத்தம் அதைச் சென்றடையாததால் அது மூடியே கிடக்கிறது. பூஸ்ட் அளவுக்கு மீறி ஏறுகிறது. கம்ப்யூட்டர் அதைக் கண்டு காற்று வழியின் கதவான த்ராட்டிலை மூடி வண்டியை அடக்குகிறது. பழைய டர்போ கார் வைத்திருப்பவர் இந்த ஒரு ஹோஸையாவது காலம் தவறாமல் மாற்றிவிட வேண்டும் என்பது என் திடமான கருத்து. என் காரில் அது முழுதாகக் கிழியவில்லை. நுனியில் அரை அங்குலம் மட்டும் வெடித்திருந்தது. கையால் வளைத்தபோது அந்த நுனி அப்பளம் போல நொறுங்கி மேசையில் உதிர்ந்தது. மேலே சுற்றியிருக்கும் துணிப் பின்னல் எந்தச் சேதமும் இல்லாமல் இருந்ததால், பொருத்திய நிலையில் பார்த்த எவருக்கும் அது நல்ல ஹோஸாகத்தான் தெரிந்திருக்கும்.

கழற்றிய ஒவ்வொன்றையும் வெள்ளை டேப் ஒட்டி, எங்கிருந்து எங்கே என்று எழுதி, காரில் இருந்த வரிசையிலேயே மேசையில் பரப்பி வைத்தார்கள். எரிபொருள் அழுத்தச் சீராக்கியின் ஹோஸைக் கழற்றியதும் உரிமையாளர் அதன் வாயை முகர்ந்து பார்த்தார், என்னிடமும் நீட்டினார். அதில் பெட்ரோல் வாசனை வந்தால் சீராக்கியின் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். ஹோஸை மட்டும் மாற்றி அனுப்புவது ஆபத்து. என் காரில் வாசனை இல்லை. ஒரு நொடி வேலைதான். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

இனி ஹோஸ் தேர்வு. இந்தச் சந்தையில் எல்லாரும் சிலிக்கான் ஹோஸ் என்று ஒரே பேச்சாகப் பேசுகிறார்கள். சிவப்பிலும் நீலத்திலும் மீட்டர் கணக்கில் எங்கும் கிடைக்கிறது. சிலிக்கானுக்குச் சிறப்பு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 170, 180 டிகிரி வரை சூட்டைத் தாங்கும். ஓசோனாலும் வெயிலாலும் வெடிக்காது. ஆண்டுக்கணக்கில் வளைந்து கொடுக்கும். ஆனால் பெட்ரோலும் ஆயிலும் அதற்குப் பகை. உரிமையாளர் ஒரு பழைய ஜாம் பாட்டிலை எடுத்துக் காட்டினார். அதில் பெட்ரோலில் ஒரு நாள் ஊறிய சிலிக்கான் துண்டு, பக்கத்தில் இருந்த புதுத் துண்டைவிட ஒரு சுற்றுப் பருத்து, ஹோஸ் மாட்டும் முனையான நிப்பிளில் நிற்காமல் வழுக்கிக் கழன்றது. “இது காத்துக்கு மட்டுந்தான் சார். பெட்ரோல், ஆயில் வர்ற எடத்துல போட்டா நாமளே லீக்கு வச்ச மாதிரி” என்றார்.

அதன்படி அவர் வகுத்த ஏற்பாடு இதுதான். என் 75, மிதியை விட்டதும் மிஞ்சும் அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு, அதை இயக்கும் என் 249 வால்வு, அதன் வேக்குவம் சேமிப்புக் குடுவை ஆகிய, காற்று மட்டும் போகும் தடங்களுக்குத் தடித்த சுவருள்ள கருப்புச் சிலிக்கான். சுவர் மெலிந்த சிலிக்கான் ஹோஸ் வளைவுகளில் வேக்குவம் இழுத்தால் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். ஆகவே உள்விட்டத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, சுவரின் தடிமனையும் பார்க்க வேண்டும். எரிபொருள் அழுத்தச் சீராக்கிக்கு, எதிர்காலத்தில் சவ்வு கிழிந்தாலும் தாங்க வேண்டும் என்பதற்காக, பெட்ரோலுக்கு ஈடுகொடுக்கும் ஃப்ளோரோ ரப்பர் ஹோஸ். கிராங்க்கேஸ் வாயு போகும் இடங்களுக்கு அச்சில் வார்த்த, எண்ணெய் தாங்கும் குழாய்களும் புதிய ஒருவழி வால்வுகளும். இவை மட்டும் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. பிரேக் பூஸ்டர் குழாய் கெட்டியான பிளாஸ்டிக் என்பதால் அதைத் தொடவில்லை. அதிலிருந்த ஒருவழி வால்வை வாயால் ஊதிப் பார்த்து, இரண்டு பக்கமும் காற்றை விட்டதால் மாற்றினார். அதைத் திருப்பி மாட்டிவிட்டால் பிரேக்குக்கு வேக்குவம் உதவியே கிடைக்காது. மாட்டிய பிறகு, என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பலமுறை அழுத்தி, உதவி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அவரே பார்த்தார்.

நீளத்திலும் அவர் காட்டிய கவனத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் காரில் டர்போ என்ஜினுக்குப் பின்னால், தடுப்புச் சுவரை ஒட்டி இருக்கிறது. ஹோஸ் சற்று நீண்டு தொங்கினால் சூடான இரும்பில் படும். குட்டையாக வெட்டினால் மிதிக்கும்போது என்ஜின் அசைவில் நிப்பிளிலிருந்து இழுபட்டுக் கழலும். அவர் பழைய ஹோஸை அளவுகோலாக வைத்து வெட்டாமல், ஒவ்வொன்றையும் காரிலேயே பொருத்திப் பார்த்து வெட்டினார். பழையவை சுருங்கியிருக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

கடலோர ஊர் என்பதால் கிளாம்ப் விஷயமும் சிறிதல்ல. சாதாரண இரும்புக் கிளாம்ப் நம் ஊர் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் துருப்பிடித்து இறுக்கத்தை இழக்கிறது. துளையுள்ள திருகுக் கிளாம்பை நேரடியாகச் சிலிக்கானில் முறுக்கினால் அதன் விளிம்பு ரப்பரை அறுத்துவிடும். பெரிய குழாய்களுக்கு உட்பட்டை வைத்த ஸ்டெயின்லெஸ் கிளாம்ப், சிறியவற்றுக்கு ஸ்பிரிங் கிளாம்ப் என்று போட்டார்கள். எலியையும் இங்கே சொல்லிவிடலாம். வாய்க்காலை ஒட்டிய தெருக்களில் கார் நிறுத்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மழை தொடங்கினால் எலிகள் பானெட்டுக்கடியில் குடியேறிவிடுகின்றன. என் காரில் கழற்றிய ஹோஸ் ஒன்றில் பல்தடம் தெளிவாகவே இருந்தது. எந்த ரப்பர் போட்டாலும் எலிக்குத் தடை இல்லை. மாதம் ஒருமுறையாவது பானெட்டைத் திறந்து பார்ப்பதுதான் வழி.

வேலை முடிந்ததும் புகைச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து, எங்கும் புகை எழவில்லை என்று காட்டினார்கள். பிறகு கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்த பழைய அளவுகளை ஸ்கேனரில் அழித்துவிட்டு, வில்லியனூர் வரை ஓட்டி வந்து, பெட்ரோல் திருத்தத்தைக் காட்டும் 032-ஆம் பகுதியைத் திறந்து பார்த்தோம். நின்று ஓடும் நிலையில் பத்து சதவீதத்தை நெருங்கியிருந்த பெட்ரோல் திருத்தம், அதாவது கலவையைச் சரிசெய்யக் கம்ப்யூட்டர் கூட்டும் அளவு, இப்போது இரண்டுக்குள் இறங்கியிருந்தது. வேக்குவம் கேஜில் 15 அங்குலப் பாதரசத்தில் துடித்துக்கொண்டிருந்த முள் 20-இல் அசையாமல் நின்றது. கடல் மட்டத்தில் இருக்கும் நம் ஊரில், நல்ல நிலையிலுள்ள என்ஜின் காட்ட வேண்டிய அளவு ஏறத்தாழ இதுதான். சிக்னலில் நடுக்கம் போயிற்று. மூன்றாம் கியரில் இழுப்பு 2000 ஆர்.பி.எம்.மிலேயே வந்து கடைசி வரை நிற்கிறது. பழைய சென்சார்களும் பழைய டர்போவும் அப்படியேதான் இருக்கின்றன.

செலவு: இரண்டு சோதனைகளுக்கும் சேர்த்து 1,200 ரூபாய், கூலி 5,500, பொருட்கள் 7,300, ஆக மொத்தம் 14,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் புகழ்பெற்ற சிலிக்கான் செட்டுகளுக்குச் சுங்க வரியும் சேர்ந்தால் இதே அளவு ஆகிவிடும்; அவற்றில் கிராங்க்கேஸ் குழாய்களும் ஒருவழி வால்வுகளும் பெரும்பாலும் இருப்பதில்லை. நான் கொடுத்த தொகை நியாயமானது என்றே கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் கார் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த முழங்கைக் குழாய் வேறு என்ஜினுக்கு உரியதாக இருந்ததால் திருப்பி அனுப்பி மீண்டும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதை அவர்களாகவே தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நான் அழைத்த பிறகுதான் தெரிந்தது. பில் கையெழுத்தில், பொருட்களின் எண்கள் இல்லாமல் இருந்தது. கேட்ட பிறகு எழுதித் தந்தார்கள் என்றாலும், அடுத்த முறை இதே ஹோஸை வாங்க வேண்டியவருக்கு அந்த விவரம் முதலிலேயே கிடைக்க வேண்டும். உட்காருவதற்கு ஒரு ஸ்டூல் தவிர வேறு வசதி இல்லை, கார்டு வாங்குவதில்லை. நண்பகலுக்கு மேல் தகரக் கூரையின் கீழ் நிற்பது கடினம் என்பதால் காலையிலேயே போவது நல்லது.

காரை எடுக்கும்போது உரிமையாளர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். வாட்டர் சர்வீஸ் விடும்போது என்ஜின் பளபளக்க வேண்டும் என்று டீசல் அடிப்பார்கள். அதை அனுமதிக்கவே கூடாது. டீசல் பட்ட ரப்பர் ஊதிப்போய் விரைவில் இளகிவிடும். புது ஹோஸுக்கும் அதே கதிதான். பழைய டீசல் ஆக்டேவியா போன்ற கார்களில் டர்போவை வேக்குவமே இயக்குகிறது என்பதால் அவற்றுக்கும் இதே சோதனையை அவர் செய்து தருகிறார். முன்கூட்டியே சொல்லிவிட்டு, என்ஜின் ஆறிய நிலையில் காரைக் கொண்டுபோகவும்; சூடான என்ஜினில் மேனிஃபோல்டுக்கடியில் கை விட முடியாது, அரை நாள் ஆறுவதற்கே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.